வியாழக்கிழமை ராத்திரி ஒன்று முப்பத்தைந்து

மதியம் இரண்டு முப்பத்தைந்துக்கு என் போன் மேஜைமேல் ஒரு தடவை அதிர்ந்தது. அன்று புதன்கிழமை. வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு காதில், கீழே பஜார் ரோட்டில் அரிசி லாரி பின்னோக்கி நகர்கிற சத்தம். செய்தியைப் பாதிக் கண்ணால்தான் பார்த்தேன். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் போட்டு, உங்கள் பயணத்துக்கு இன்னும் பதினொரு மணி நேரம் இருக்கிறது, இருக்கையை உறுதி செய்துகொள்ளுங்கள் என்று விமானக் கம்பெனி எழுதியிருந்தது.

பாவம், அவர்களுக்குக் கிழமை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவும் அப்பாவும் மெல்போர்னுக்குக் கிளம்புவது வியாழக்கிழமை ராத்திரி ஒன்று முப்பத்தைந்துக்கு. நாளைக்கு. தெருவில் நான்கு வயதுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

டிக்கெட்டைத் திறந்தேன். வியாழன், 01.35. அதையே இரண்டு மாதமாகத் தினமும் திறந்து பார்த்திருக்கிறேன். புதன்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் வியாழன் பிறந்துவிடும், பிறந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் ஏறிவிடும் என்பது அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. மீட்டிங்கில் யாரோ என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள். நான் மடிக்கணினியை மூடினேன். விரல் நுனிகள் ஐஸ் பெட்டியில் வைத்ததுபோல் ஆகிவிட்டன.

ஏன் அவ்வளவு பயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா கல்யாணம் ஆகி மெல்போர்னில் இருக்கிறாள். இதற்கு இரண்டு வருடம் முன்னால் ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துபோனது. அத்தானுக்கு வேலை ஊருக்கு வெளியே, வாரக் கணக்கில் போவார். அன்றும் அவர் இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தாள். அம்மா போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம், வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா அடுத்த நாள் டிக்கெட்டின் விலையைப் போய்க் கேட்டு வந்தார். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். அக்கா போனில், “பரவால்லம்மா, இங்க எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க” என்றாள். அந்தக் குரலை அம்மா மறக்கவே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூடத் திடீரென்று கை நிற்கும்.

அந்த வாரம்தான் நான் பாயிண்டுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கிரெடிட் கார்டில் செலவு செய்தால் பாயிண்ட், அந்தப் பாயிண்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றினால் டிக்கெட். வரி மட்டும் கட்டினால் போதும். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் தூக்கம் வராது. எந்தக் கார்டு எந்தக் கம்பெனியோடு சேரும், எந்த மாதம் எத்தனை சீட் திறப்பார்கள் என்று மூன்று வாரத்தில் மனப்பாடம். அதற்குப் பிறகு கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் யார் என்ன வாங்கினாலும் நான் கூடப் போய் நின்றேன். பக்கத்து வீட்டு சேச்சியின் ஃப்ரிட்ஜ் என் கார்டில். சித்தப்பாவின் இன்சூரன்ஸ் என் கார்டில். அவர்கள் கையில் காசாகத் தந்துவிடுவார்கள், நான் அன்றே வங்கியில் கட்டிவிடுவேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு கமிட்டி புது இன்வெர்ட்டர் வாங்கியபோதுகூட நான்தான் கார்டோடு எர்ணாகுளம் போனேன். “சாதனம் எடுக்கணும்னா அந்தக் கொச்சுப் பொண்ணக் கூப்பிடு” என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா மறுபடி உண்டானதும் என் கணக்கு வேகமெடுத்தது. சிசேரியன்தான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி, ஒரு சனிக்கிழமை காலையைக் குறித்துத் தந்தார். அத்தான் வேலையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்ப முடியும். அதற்கு முன் அம்மா அங்கே இருக்க வேண்டும். இந்தத் தடவை இருந்தே ஆகவேண்டும்.

அந்த வாரத்தில் பாயிண்டுக்கான சீட் இரண்டு ராத்திரிகளில்தான் காட்டியது. திரையில் ஒன்று வியாழன் 01.35, மற்றது வெள்ளி 01.35. நான் அம்மாவிடம் உரக்கப் படித்தேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “வெள்ளிக்கெழமை வேண்டாம். வீட்டுப் பொம்பள வெள்ளிக்கெழமை படி எறங்கக் கூடாது” என்றாள்.

“அப்போ வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை. ஓகேயா?”

அம்மா சுவரில் தொங்கிய தினக் காலண்டரிடம் போனாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாள்களைக் கட்டாகத் தூக்கிப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அந்தக் காலண்டர் தாள்களில்தான். அதனால் அதில் இருப்பதெல்லாம் எனக்கும் கொஞ்சம் தெரியும். நல்ல நேரம், சூலம், யோகம். எல்லாமே சூரியன் உதிக்கும்போது தொடங்கி மறுநாள் சூரியன் உதிக்கும்வரை. அம்மாவுக்கு ராத்திரி ஒன்றரையும் வியாழக்கிழமைதான், விடியற்காலை நாலும் வியாழக்கிழமைதான். பொழுது விடிந்தால்தான் வெள்ளி.

“வியாழன் ராத்திரி பேஷா இருக்கு. எடு” என்றாள்.

நான் எடுத்தேன். திரையில் வியாழன் என்று இருந்ததைத்தான் தொட்டேன். அம்மா சொன்ன ராத்திரி திரைக்கணக்கில் வெள்ளிக்கிழமை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் நான் கம்ப்யூட்டர் படித்தவள். வேலையில் மூன்று நாட்டு நேரங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறவள். ஆனால் அம்மா பேசினால் நான் அம்மாவின் காலண்டருக்குள் போய்விடுகிறேன்.

போன மைலும் திரும்பாது. ஏறாவிட்டால் டிக்கெட் செத்துவிடும் என்று விதியில் எழுதியிருந்தது, அதை நானே பெருமையாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அடுத்த சீட் எப்போது என்று தேடினேன். வெள்ளி 01.35 எப்போதோ போய்விட்டது. அடுத்தது மூன்று வாரம் கழித்து.

பதினொரு மணி நேரம் என்றால் போதுமே என்று தோன்றும். எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. பெட்டி கட்டவில்லை, பரவாயில்லை, கட்டிவிடலாம். அப்புறம்தான் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது.

பாஸ்போர்ட் இரண்டும் பிள்ளையார் காலடியில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை அம்மா கொண்டுபோய் வைத்தாள். எங்கள் பக்கத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் அப்படித்தான். வியாழக்கிழமை காலைப் பூஜை முடிந்து பிரசாதத்தோடு வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கோயில் மதியம் பூட்டியிருக்கும். கருவறைச் சாவி குருக்கள் ஒருவரிடம்தான்.

அப்பாவை அழைத்தேன். கடை அடுத்த தெருவில்தான். பின்னால் மூட்டைகள் விழுகிற சத்தம் கேட்டது.

“என்ன மோளே? லோடு எறக்கறாங்க, சட்டுனு சொல்லு.”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. “அப்பா, ஃப்ளைட்ட ஒரு நாள் முந்தி ஆக்கிட்டாங்க. இன்னிக்கு ராத்திரியே.”

“நிறுத்துங்கடா” என்று யாரையோ அதட்டினார். பிறகு அப்பா ஆரம்பித்தார். “அவனுங்க என்ன நெனச்சிட்டு இருக்கானுங்க? பாயிண்ட்ல போறவன்னா அவ்வளவு எளக்காரமா? பஸ்ஸு கூட இப்படிப் பண்ண மாட்டான்.” யாரிடமோ திரும்பி அதையே மலையாளத்திலும் சொன்னார். எனக்குக் காது எரிந்தது. “அப்பா, நீங்க வீட்டுக்கு வந்து பெட்டிய எடுங்க. அம்மா எங்க?”

அம்மா பக்கத்து வீட்டு சேச்சியோடு படகேறி எர்ணாகுளம் பிராட்வேக்குப் போயிருந்தாள். குழந்தைக்கு மல் துணி வாங்க. அம்மாவின் போனை அழைத்தேன். அது அரிசி டின்னுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்து பாடியது. சேச்சியை ஐந்து தடவை அழைத்த பிறகு எடுத்தாள்.

“எந்தா மோளே, அம்மா இவிடெ கடைக்காரனோட வழக்குல நிக்கறா. அவன் ரெண்டு மீட்டர் கொறச்சு வெட்டிட்டானாம்.”

“சேச்சி, வழக்க விட்டுட்டு உடனே போட்ல ஏறி வாங்க. அம்மாவுக்கு இன்னிக்குத்தான் ஃப்ளைட்டு.”

“இன்னோ?” என்றாள் சேச்சி. பிறகு அம்மாவின் குரல் தூரத்தில், ரெண்டு மீட்டர், ரெண்டு மீட்டர் என்று கேட்டது.

குருக்கள் போனை எடுக்கவில்லை. கோயிலுக்கு ஓடினேன். இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. எதிர்ச் சாயாக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “குருக்கள் கும்பளங்கி போயி. புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. ராத்திரியே வரூ, இன்னிக்கு நட தொறக்கவும் லேட்டாகும்” என்றார். யார் வீடு என்று கேட்டேன். செம்மீன் கெட்டு, அதாவது இறால் பண்ணை வைத்திருப்பவர், நீல கேட், பாலம் இறங்கி இடது பக்கம் என்றார். ராத்திரி எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டதற்குக் கையை மட்டும் விரித்தார்.

கம்பி வழியாகப் பார்த்தேன். உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு மரக்கதவு, அதற்குப் பின்னால் பிள்ளையார், அவர் காலடியில் என் அம்மா. அப்படித்தான் நினைத்தேன். பாஸ்போர்ட் என்று நினைக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். தோப்பும்படி சிக்னலில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழியை விட்டுத் தந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார். கும்பளங்கிச் சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது. சுற்றுலாப் பயணிகள் யாரோ சீன மீன்வலையைப் படம் எடுத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார்கள். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் மனத்தில் ஓடியது ஒரே படம். அக்கா சனிக்கிழமை காலை தள்ளுகட்டிலில் போகிறாள், தலையைத் திருப்பிப் பார்க்கிறாள், நாற்காலி காலியாக இருக்கிறது. அந்த நாற்காலியில் நான் என் கார்டுகளை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கையை எடுத்தால் விழுந்துவிடுவேன்.

நீல கேட் வீட்டில் ஹோமம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. குருக்கள் தனியாகத் திண்டுபோட்ட ஓர் அறையில் இலைமுன் உட்கார்ந்திருந்தார். பாயசம் வரை வந்திருந்தார்.

“என்ன கொழந்தே, இந்த வெயில்ல?”

அப்பாவிடம் பொய் சொன்ன வாயால் இவரிடம் உண்மையைச் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவர் என்னைத் திட்டினாலும் அடுத்த நாள் ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். வியாழக்கிழமை, ஒன்றரை, காலண்டர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் பாயசக் கை அந்தரத்தில் நிற்க யோசித்தார். “பஞ்சாங்கப்படி பாத்தா ஒங்கம்மா சொன்னது சரிதான்.”

“சாமி, பைலட் பஞ்சாங்கம் பாக்க மாட்டாரு.”

“அதுவும் சரிதான்.” இலையைப் பார்த்தார். “அந்த இன்வெர்ட்டர் வாங்கினோமே, அந்தப் பாயிண்டும் இதுல இருக்கோ?”

“இருக்கு சாமி.”

“அப்போ புள்ளையாருக்கும் பங்கு உண்டு” என்று எழுந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லி, மடியில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, என் ஸ்கூட்டர் பக்கம் வந்து நின்றார். வேறு வண்டி கிடைக்க நேரமாகும் என்றார்கள். அவர் குடுமியை அவிழ்த்து மறுபடி கீழே முடிந்து, வீட்டுக்காரர் மகனின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “ஆனா மெதுவா ஓட்டணும். எனக்கும் ஆத்துல மனுஷா இருக்கா.” வழி முழுக்க அவர் என்னைத் தொடாமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஜபித்துக்கொண்டே வந்தார். மந்திரமா, பயமா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான் அன்று.

கோயில் வாசலில் இறங்கும்போது மணி நாலு ஐம்பது. ஐந்துக்கு முன் நடை திறக்க மாட்டேன் என்றுவிட்டார். “அவர் இன்னும் எந்திரிக்கல.” அந்தப் பத்து நிமிடத்தை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பதினொரு மணி நேரத்திலேயே நீளமானவை அவைதான்.

ஐந்துக்கு மணி அடித்து, கதவு திறந்து, ஒரு சிவப்புத் துணியில் சுற்றிய பாஸ்போர்ட்டுகளைத் தட்டில் வைத்துத் தந்தார். பிரித்தேன். அப்பாவுடையது நன்றாக இருந்தது. அம்மாவுடையதின் படம் உள்ள பக்கத்தில், நெற்றிக்கு நேராகச் சந்தனம், குங்குமம். பக்கம் வழவழப்பான தாள், அதைத் துடைத்துவிடலாம். ஆனால் மூடியபோது எதிர்ப் பக்கத்தில் ஒட்டி, அந்தச் சாதாரணத் தாளில் ரோஜா நிறத்தில் ஒரு கறை ஊறியிருந்தது.

“சாமி, இது எதுக்கு?”

“மொகம் தெரியாம அவர் எப்படிம்மா அனுக்ரகம் பண்ணுவார்? அப்பாவுக்கும் வைக்கப் போனேன், சந்தனம் தீந்துபோச்சு.”

சந்தனம் தீர்ந்ததற்கு நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன். பிறகு கறையைப் பார்த்தேன். சேதமான பாஸ்போர்ட்டோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிய கதைகளைப் பாயிண்ட் சேர்க்கும் குழுவில் எத்தனை படித்திருக்கிறேன். தண்ணீர் பட்டது, குழந்தை கிறுக்கியது, நாய் கடித்தது. குங்குமம் மட்டும் யாரும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், அப்பா இரண்டு பெட்டிகளையும் திறந்து கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு அவற்றைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். போனில் யாரிடமோ விமானக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா வந்துவிட்டாள். புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு மல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மீட்டரை வாங்காமல் வரவில்லை.

அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். “அவன் எப்படி மாத்துவான்? நீ வியாழக்கெழமைன்னுதானே எடுத்தே?”

“ஆமாம்மா.”

“இன்னிக்கு ராத்திரி ஒன்றரைன்னா அது புதன்தானே. போன் பண்ணிக் குடு, நான் பேசறேன். மலையாளம் தெரிஞ்ச ஒருத்தன் இருப்பான்ல.”

அம்மா கையை நீட்டினாள். அந்தக் கை நீட்டியபடி காத்திருந்தது. கடைக்காரனிடம் இரண்டு மீட்டர் வாங்கிய கை அது, விமானக் கம்பெனியிடம் ஒரு நாளை வாங்காமல் விடாது.

“அம்மா, யாரும் மாத்தல. நான்தான் தப்பா எடுத்தேன். அவங்களுக்கு ராத்திரி பன்னெண்டுக்கே கெழம மாறிடும். நான் அத நெனக்கல.”

அம்மா அடுப்பை அணைத்தாள். அணைத்த அடுப்பையே பார்த்தாள். அம்மா என்னை எதற்காவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தச் சேதி வராம இருந்திருந்தா?” என்றாள் மெதுவாக.

நாளைக்கு ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியோடு நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் போய் நின்றிருப்போம். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை, அம்மாவே என் கண்ணில் அதைப் பார்த்துவிட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் அப்பா, “கேஸ் குடுக்கணும் இவனுங்க மேல” என்று யாரிடமோ சொன்னார்.

“அப்பாகிட்ட சொல்லாதே” என்றாள் அம்மா. “திட்டிட்டே இருந்தாதான் அவரு பயப்படாம இருப்பாரு. கெடக்கட்டும்.” பிறகு காலண்டரைப் பார்த்தாள். “புதன், வடக்கே சூலம். ஏர்போர்ட்டு வடக்கேதான். போய் ஒரு டம்ளர் பால் காய்ச்சு, ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் படி எறங்கறோம்.”

பால் காய்ச்சினேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

எட்டரைக்கு டாக்ஸி வந்தது. இடப்பள்ளியில் வண்டிகள் அசையாமல் நின்றபோது அப்பாவின் திட்டு நின்றுபோனது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் நடுவில் உட்கார்ந்து, உலர்ந்த பஞ்சால் அம்மாவின் பாஸ்போர்ட் பக்கத்தை ஒற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை ஒற்றினாலும் கறை அப்படியே இருந்தது. பஞ்சுதான் ரோஜா நிறமானது.

விமான நிலையத்தில் என்னை உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும். வாசலில் நின்ற காவலர் அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தந்தார். அம்மாவுடையதைத் திறந்தார், கறை உள்ள பக்கத்தில் அவர் கண் நின்றது, அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், விட்டுவிட்டார். நான் கண்ணாடிச் சுவரை ஒட்டிக்கொண்டு கவுண்டர் தெரிகிற இடமாகத் தேடி நின்றேன். கூட்டத்தில் அவர்கள் இருவரும் சின்னதாகத் தெரிந்தார்கள். அப்பா பெட்டியை ஏற்றினார். கவுண்டரில் இருந்த பெண் புன்னகைத்தாள். பிறகு புன்னகை நின்றது. அவள் பக்கத்தைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எழுந்து, அம்மாவின் பாஸ்போர்ட்டோடு உள்ளே போனாள்.

நான் அப்பாவை அழைத்தேன். எடுத்தார், ஆனால் பேசவில்லை, போனைக் கையில் கீழே பிடித்திருந்தார். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் என் காதில். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல், யாரிடமோ, எந்த மொழி என்றே யோசிக்காமல், தமிழும் மலையாளமுமாக.

“எங்க பிள்ளையார் அம்பலத்துல வெச்சதாக்கும் மோளே. மூத்தவ பிரசவத்துக்குப் போறேன். போன தடவ போக முடியல.”

ஒரு ஆண் குரல் மலையாளத்தில் ஏதோ கேட்டது. அம்மா, “அழுக்கில்ல, குங்குமம். தொட்டுப் பாக்கணும்” என்றாள்.

கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் விரலால் அந்தப் பக்கத்தைத் தடவினார். விரலைப் பார்த்தார். என் நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது, என் மூச்சாலேயே கண்ணாடி மங்கி, அவர் என்ன செய்தார் என்பதை நான் பார்க்கத் தவறிவிட்டேன். சட்டைக் கையால் துடைத்துப் பார்த்தபோது கவுண்டர் பெண் எதையோ அச்சடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நீளச் சீட்டுகள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போவதும் வழக்கம்தான். அப்பாதான் பார்த்து, போனைக் காதில் வைத்து, “நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. அவனுங்களுக்கு நான் லெட்டர் எழுதாம விட மாட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரியும், இருந்தும் பயம் வெளியேறும் வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நான் விழித்தபோது இங்கே விடிந்திருக்கவில்லை. அத்தானின் செய்தி வந்திருந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். அதற்குக் கீழே ஒரு படம். அக்காவின் கட்டில், பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அம்மா, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி வாய் திறந்து தூங்குகிறாள். படத்தை நான் விரித்து விரித்து நாற்காலியைத்தான் பார்த்தேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. லெட்டர் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வருவதற்கான பாயிண்ட் இப்போதுதான் சேர்ந்தது, சேச்சியின் வாஷிங் மெஷின் புண்ணியத்தில். நேற்றுச் சீட் தேடினேன். அவர்கள் திரும்ப வேண்டிய வாரத்தில் இரண்டு ராத்திரிதான் காட்டியது. வியாழன் ராத்திரி, வெள்ளி ராத்திரி. அம்மாவை அழைத்தேன். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவில் அம்மா கத்திப் பேசினாள்.

“வெள்ளிக்கெழமை மட்டும் வேண்டாம்டீ. பச்சப் புள்ளைய விட்டுட்டு வெள்ளிக்கெழமை எறங்க மாட்டேன்.”

“அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சொல்ற வெள்ளிக்கெழமை எப்போ ஆரம்பிக்குது? சூரியன் உதிச்சாத்தானே?”

“பின்னே?”

“சரி. உதிச்சாத்தான். எழுதிக்கறேன்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். குழந்தையின் அழுகையும் நின்றது.

“எந்த ஊரு சூரியன்?” என்றாள். “இங்கதா, அங்கதா? இங்க அது நமக்கு முன்னாடியே வந்துடுதே.”

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு சீட் மட்டும் மீதி என்று சிவப்பில் இருந்தது. இதை எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறது. நான் இன்னும் தொடவில்லை.